பதினான்கு நாள் கெடு

முதற்குடிகள் சங்கத்தில் சேருவதற்கான விண்ணப்பத்தின் ஏழாவது கேள்வியில் எல்டன் கிரிக்ஸ் மாட்டிக்கொண்டு மூன்று நாள் ஆகிவிட்டது. பெயர், விலாசம், பிறந்த தேதி என்று முதல் ஆறு கேள்விகளும் நல்ல பிள்ளைகளாக வழிவிட்டன. ஏழாவதுதான் வழியை மறித்துக்கொண்டு நின்றது: “தங்கள் மூதாதை 1700-ஆம் ஆண்டுக்கு முன் ஹார்ட்வெல் ஊரில் வாழ்ந்ததற்கு ஊர்ப் பதிவேட்டுச் சான்று.”

அவரிடம் இருந்தது குடும்ப பைபிள் ஒன்றுதான். அதன் முதல் தாளில் எந்தக் காலத்துக் கையோ, ‘ஒபதியா கிரிக்ஸ் 1692-ல் இவ்வூர் வந்தார்’ என்று எழுதி வைத்திருந்தது. அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, ஊரில் முதலில் குடியேறியவர்களின் வாரிசுகள் நடத்தும் அந்தச் சங்கத்தின் தலைவி மிசஸ் லாதமிடம் போனார். அந்த அம்மாள் பைபிளைத் திறக்கக்கூட இல்லை.

“பைபிள் கடவுளுக்குச் சாட்சி, எல்டன். எங்களுக்கு ஊர்ப் புத்தகம் வேணும்” என்றாள்.

நாற்பது வருஷம் ஹார்ட்வெல் கடைத்தெருவில் இரும்புக்கடை நடத்தியவர் எல்டன். கீல் வாங்க வருகிறவன் முகத்தைப் பார்த்தே அவன் வீட்டுக் கதவு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் மிசஸ் லாதமின் முகத்தில் எந்த விலையும் எழுதியிருக்கவில்லை. பைபிளை மறுபடி துணியில் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தார்.

அவருக்கு வேண்டியதெல்லாம் ஒரு நாற்காலி. அக்டோபர் முதல் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குச் சர்ச் கூடத்தில் சங்கத்தின் விருந்து நடக்கும். நீள மேசை, வெள்ளை விரிப்பு, நெஞ்சில் நீல ரிப்பன் குத்திய பன்னிரண்டு பேர். 1926-லிருந்து பதினோரு வருஷம் அந்த விருந்துக்குப் பாத்திரம் தேய்த்தவள் எல்டனின் அம்மா ஐடா. அவளுக்குத் துணையாகப் போய், பரிமாறும் சன்னல் வழியாக எல்டன் பார்த்திருக்கிறார். கோழிக்கறியை மாவுக்குள் பொதிந்து சுட்ட கோழிப் பை உடையும்போது எழும் ஆவி, மொலாசஸ் பாகு ஊற்றிச் சுட்ட பீன்ஸ், ஆப்பிள் பையின் மேல் வைத்த செடார் பாலாடைக்கட்டித் துண்டு மெல்ல வியர்ப்பது, எல்லாம் அவருக்கு இன்றைக்கும் மூக்கு நுனியில் நிற்கும். அம்மா கைகளைத் துடைத்துக்கொண்டு ஒரு தடவை சொன்னாள், நாமும் அவர்களுக்கு முன்னால் வந்தவர்கள்தான் என்று உன் அப்பா சொல்வார், ஆனால் சொல்லிக்கொண்டு திரிய நமக்கு நேரம் ஏது என்று. இப்போது எல்டனுக்கு அறுபத்தெட்டு வயது, கடையை விற்றாகிவிட்டது, நேரம் நிறைய இருந்தது.

விருந்துக்கு மூன்று வாரம் இருந்தபோது ஊர் அலுவலகத்தின் நிலவறைக்குப் போனார். அங்கே பதிவேடுகளைக் காப்பவள் டாட்டி பெல்க்கி. அவள் முன்னோர் வெகு காலம் பிந்தி, கியூபெக்கிலிருந்து பஞ்சாலை வேலைக்கு வந்தவர்கள். அதனால் முதற்குடி விவகாரம் அவளுக்கு அடுத்த வீட்டுக் கல்யாணம் மாதிரி. வேடிக்கை உண்டு, செலவில்லை.

1692-ஆம் ஆண்டில் தொடங்கும் ஊர்ப் புத்தகத்தை அவள் பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி வந்து வைத்தாள். அரை மணி நேரத்தில் எல்டன் கண்டுபிடித்துவிட்டார்.

‘ஒபதியா கிரிக்ஸும் அவன் மனைவியும் பிள்ளைகள் மூவரும் இவ்வூரில் வந்து குடியிருக்கிறார்கள்.’

அவருக்குக் கண் பனித்தது. அடுத்த வரியைப் படித்தார். பனி காய்ந்துவிட்டது.

‘அவர்கள் பதினான்கு நாளைக்குள் ஊரைவிட்டு நீங்கக் கடவர்.’

“என்னம்மா இது, என்ன தப்பு பண்ணினான்?” என்று டாட்டியைக் கேட்டார்.

தப்பு ஒன்றுமில்லை என்று விளக்கினாள். அந்தக் காலத்து வழக்கம் அது. புதிதாக ஏழை எவனாவது வந்தால் கான்ஸ்டபிள் வீட்டுக்கே போய்க் கெடு சொல்லிவிட்டு வருவார். நாளைக்கு அவன் நொடித்துப்போனால் கஞ்சி ஊற்றும் பொறுப்பு ஊருக்கு இல்லை, அவ்வளவுதான். யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளமாட்டார்கள்.

“அப்படின்னா வரவேற்புன்னு சொல்ல முடியாது.”

“கொஞ்சம் கஷ்டம்தான், மிஸ்டர் கிரிக்ஸ்.”

வீட்டுக்கு வந்து சொன்னபோது அவர் மனைவி வில்மா தைத்துக்கொண்டிருந்த ஊசியைக்கூட நிறுத்தவில்லை. “முந்நூறு வருஷத்துக்கு முன்னாடியே உங்க குடும்பத்தை ஒருத்தன் சரியா எடை போட்டிருக்கான்” என்றாள்.

ஒரு சரக்கு சொத்தையானால் அலமாரியில் அடுத்ததை எடுப்பதுதான் கடைக்காரன் புத்தி. எல்டன் சர்ச்சின் பழைய ஏட்டைப் புரட்டினார். பிரசங்கத்தில் தூங்குகிறவர்களை நீளக் கோலால் குத்தி எழுப்ப அந்தக் காலத்தில் ஓர் ஆள் உண்டு. 1696-ல் அந்த ஆள் ஒபதியாவைக் குத்தினான். ஒபதியா எழுந்தான், கோலைப் பிடுங்கினான், திருப்பிக் குத்தினான். பிறகு சபை முன்னால் மன்னிப்புக் கேட்டான், அதுவும் கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டதாக எழுதியிருந்தது. ஊரில் வாழ்ந்ததற்குச் சான்றுதான். விருந்து மேசையில் வைக்கக்கூடிய சான்று இல்லை.

மாவட்ட நீதிமன்ற ஆவணங்களுக்குப் போனார். அங்கே ஒபதியாவின் பன்றி போதகரின் சோளக் கொல்லையில் இரண்டு நாள் தங்கியிருந்தது. பன்றி யாருடையது என்று நீதிபதி கேட்டதற்கு, ‘கொல்லைக்குள் இருக்கும்வரை கொல்லைக்காரருடையது’ என்று அவன் பதில் சொல்லியிருந்தான். எல்டன் அந்த வரியை இரண்டு தடவை படித்தார். பிடித்துத்தான் இருந்தது. அதுதான் தொல்லை.

சரி, ஆண் வழி வேண்டாம் என்று ஒபதியாவின் மனைவி மெர்சியைப் பிடித்தார். அவள் தகப்பன் பக்கத்து ஊர்க்காரன். டாட்டி தொலைபேசியில் அந்த ஊரில் விசாரித்துச் சொன்னாள்: அங்கேயும் அவனுக்குக் கெடு கொடுத்திருக்கிறார்கள்.

“கெடு வாங்கின வீட்ல கெடு வாங்கின வீட்டுப் பொண்ணு. பொருத்தம் பார்த்துத்தான் பண்ணியிருக்காங்க” என்றாள் வில்மா.

கடைசியில் ஊர்ப் புத்தகத்துக்கே திரும்பினார். முதல் கெடு ஏதோ அவசரத்தில் கொடுத்ததாக இருக்கும், பிற்பாடு ஏற்றுக்கொண்டிருப்பார்கள், அந்தத் தீர்மானம் எங்காவது இருக்கும் என்று ஒரு நப்பாசை. இருந்தது தீர்மானமல்ல. 1693-ல் ஒரு கெடு. 1695-ல் ஒன்று. 1698-ல் ஒன்று. ஆக மொத்தம் நான்கு. நான்காவதில் பிள்ளைகள் ஏழு ஆகியிருந்தார்கள்.

விருந்துக்கு ஆறு நாள் இருந்தது. எல்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். பிறகு, நாற்பது வருஷத்தில் ஒரு துருப்பிடித்த ஆணியைக்கூட நல்ல ஆணி என்று சொல்லி விற்காத மனிதர், டாட்டியிடம் தணிந்த குரலில் கேட்டார், முதல் வரியை மட்டும் நகல் எடுக்க முடியுமா என்று.

டாட்டி உடனே எழுந்தாள். இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, அடுத்த வரியின் மேல் பாந்தமாக வைத்து, நகல் எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

மிசஸ் லாதம் அந்த நகலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வரிக்குக் கீழே இருந்த வெறுமையையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். 

“திருப்தி. இது போதும்” என்றாள். பிறகு, சனிக்கிழமை டாட்டி புத்தகத்தைக் கூடத்துக்கே கொண்டுவருவாள் என்றும், புதிய உறுப்பினர் எழுந்து நின்று தன் மூதாதையின் பதிவைப் புத்தகத்திலிருந்தே படிப்பது சங்கத்தின் வழக்கம் என்றும் சொன்னாள்.

எல்டன் கேட்டார், “புத்தகத்திலேர்ந்தேவா?”

“ஒரு வரி போதும், எல்டன். எல்லாரும் ஒரு வரிதான் படிப்பாங்க. பை ஆறிடும் பாரு.”

அந்த ஆறு நாளும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. போகவேண்டாம் என்று தோன்றும். உடனே அந்த மேசை கண்ணில் நிற்கும். வில்மாவிடம் விஷயத்தைச் சொன்னதும் அவள் முதல் தடவையாகக் கேலி செய்யவில்லை. அவருடைய நல்ல கோட்டைத் தேய்த்து வைத்தாள். அதுதான் அவருக்கு அதிக பயமாக இருந்தது.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு அவர் நெஞ்சில் நீல ரிப்பனை மிசஸ் லாதம் குத்திவிட்டாள். பதிமூன்றாவது நாற்காலி போட்டிருந்தார்கள். வில்மா விருந்தாளிகள் வரிசையில் சுவரோரமாக இருந்தாள். மேசை அவர் நினைத்திருந்ததைவிடச் சிறியது. ஆனால் கோழிப் பை உடைந்ததும் எழுந்த ஆவி அதே ஆவி. பீன்ஸ் அதே பீன்ஸ். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் பரிமாறும் சன்னல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது மட்டும் அவருக்குப் புதிதாக இருந்தது. சன்னலுக்குள்ளே ஒரு பெண் முழங்கை வரை நுரையோடு நின்று, சட்டிகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவைகூட அவள் நிமிரவில்லை.

ஆப்பிள் பை வருவதற்கு முன்னால் அவரை எழுப்பினார்கள். டாட்டி புத்தகத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்துவிட்டு, காப்பிக் கூஜாவோடு பின்னால் போய் நின்றாள்.

எல்டன் முதல் வரியைப் படித்தார். கைதட்டல் எழுந்தது. மிசஸ் லாதம் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

அவர் உட்காரவில்லை. அந்த நேரத்தில் அவருக்கு மேசை தெரியவில்லை. ஏழு பிள்ளைகளை வைத்துக்கொண்டு வாசலில் நான்காவது தடவையாகக் கான்ஸ்டபிளைப் பார்த்து, உள்ளே வந்து ஒரு வாய் ஆப்பிள் சைடர் குடித்துவிட்டுப் போ என்று சொல்லியிருக்கக்கூடிய ஒருவன் தெரிந்தான். பதினோரு வருஷம் இந்தக் கூடத்தின் பின்வாசல் வழியாக வந்து, பின்வாசல் வழியாகவே போன ஐடாவும் தெரிந்தாள்.

“அடுத்த வரியும் இருக்கு” என்று சொல்லிவிட்டு அதையும் படித்தார். பக்கத்தைப் புரட்டி 1693-ஐப் படித்தார். 1695, 1698 என்று நான்கு கெடுவையும், பிள்ளைகளின் எண்ணிக்கை உட்பட, கடையில் பேசிப் பழகிய கணீர்க் குரலில் படித்து முடித்தார்.

“நகல்ல இதை மறைச்சது என் தப்பு. இவரை இந்த ஊர் வேண்டாம்னு சொல்லிச்சு. நாலு தடவை சொல்லிச்சு. எனக்கு இவர்தான் வேணும், அதனால இந்த நாற்காலி வேண்டாம்” என்றார்.

 பன்னிரண்டு பேரும் அவரவர் தட்டில் ஏதோ எழுதியிருப்பதுபோல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிசஸ் லாதமின் முகம் பீட்ரூட்டாகிவிட்டது. சுவரோரத்தில் வில்மா எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டாள். எல்டன் ரிப்பனைக் கழற்றி மேசை விரிப்பின் மேல் வைத்தார்.

டாட்டி பெல்க்கி அவருடைய காலிக் கோப்பையில் காப்பியை ஊற்றினாள்.

“உக்காருங்க மிஸ்டர் கிரிக்ஸ், கெடு குடுத்துப் போன்னு சொன்ன குடும்பங்க எல்லாம் நல்ல நிலம் கிடைக்குதுன்னு மேற்கே ஒஹாயோவுக்குப் போய்ப் பல தலைமுறையாச்சு, கெடு வாங்கியும் போகாதவங்க வம்சம்தான் இங்க பன்னண்டு பேரும், இவங்க எல்லாருக்கும் அடுத்த வரியை மறைச்சு நகல் எடுத்துக் குடுத்தவ நான்தானே.”