சிலிகான் சித்தாந்தி பார்த்த பொருத்தம்

செகந்திராபாத் கம்ப்யூட்டர் சந்தையின் மூன்றாம் மாடிக்கு லிப்ட் போவதில்லை. ஆனாலும் அந்தச் சனிக்கிழமை காலையில் படிக்கட்டில் கால் வைக்க இடமில்லை. ஒவ்வொருவர் கையிலும் அட்டைப்பெட்டி, பெட்டியின் மேல் ஒரு தேங்காய், சட்டைப்பையில் தட்சிணை ஐந்நூற்றுப் பதினாறு ரூபாய். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கவா இந்தக் கூட்டம்? ஏறக்குறைய அதேதான். மதர்போர்டுக்கு பிராசஸர் பார்க்க வந்திருந்தார்கள்.

மேலே புலித்தோல் அச்சடித்த கம்பளத்தில் வீற்றிருந்தவர் சிலிகான் சித்தாந்தி. ஏழு வருடத்துக்கு முன்பு இன்சூரன்ஸ் விற்றபோது அவருக்குப் பாண்டுரங்கம் என்று சாதாரணமாக ஒரு பெயர் இருந்தது. மனிதன் எப்போது சாவான் என்று பயமுறுத்திப் பார்த்தார், யாரும் அசையவில்லை. கம்ப்யூட்டர் எப்போது சாகும் என்று பயமுறுத்தினார்; வரிசையில் வந்து பணத்தைக் கொட்டினார்கள்.

அவருடைய சாத்திரம் மிக எளிது. மதர்போர்டு மணப்பெண், பிராசஸர் மாப்பிள்ளை. அவற்றின் மேல் பொறித்த வரிசை எண்தான் ஜாதகம். எண்ணைக் கூட்டி நட்சத்திரமாக்கி, கணம், யோனி, ரஜ்ஜு எல்லாம் பார்த்துச் சொல்வார். பொருந்தாத ஜோடியை ஒரே கேபினெட்டுக்குள் பூட்டினால் நாற்பதே நாளில் புகை! பாவம், இத்தனை காலம் சாக்கெட்டின் அளவை மட்டும் பார்த்துப் பொருத்தி வந்த இன்ஜினீயர்கள்தான் எவ்வளவு பெரிய மூடர்கள்!

அந்த வரிசையில் யாதகிரியும் நின்றார். லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவர். விதைக் கம்பெனிக்காரன் கறாராகச் சொல்லிவிட்டான்: திங்கட்கிழமை முதல் கம்ப்யூட்டர் பில் இல்லையென்றால் சரக்கு பக்கத்து ஆபீசுக்குப் போகும். மாதம் முப்பது லோடு. அது கைவிட்டுப் போனால் ஆபீசைப் பூட்டிவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

முந்தின நாள்தான் முதல் மாடியில் பிரமராம்பாவின் கடையில் சாமான் வாங்கியிருந்தார். பழைய டயர்களை விற்று வந்த இருபதாயிரம்தான் கையிருப்பு.

"அக்கா, கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு போடுங்க. பக்கத்து ஆபீஸ்ல போட்டிருக்கானாம்."

"பில்லு அடிக்கவா? உங்க லாரி என்ன பறக்கவா போகுது, அண்ணா? அந்தக் காசுல எட்டு ஜிபி மெமரி, ஒரு எஸ்எஸ்டி, கரண்ட் போனா காப்பாத்த ஒரு யுபிஎஸ். இது போதும். பழைய மானிட்டர் ஒண்ணு நல்லதா எடுத்துத் தரேன்."

முக்கால் மணி நேரம் பேரம் பேசி, பத்தொன்பதாயிரத்துக்கு முடித்து, மவுஸ் பேடை இலவசமாகப் பிடுங்கிக்கொண்டுதான் யாதகிரி எழுந்தார். அப்படிப்பட்ட கெட்டிக்காரர். அன்றைக்கு வீட்டில் அவர் மனைவி கேட்ட ஒரே கேள்வியில் சாய்ந்தார்.

"பொருத்தம் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. ஆகவே கடையில் கேபினெட்டுக்குள் பூட்டுவதற்கு முன் போர்டையும் பிராசஸரையும் தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடி ஏறிவிட்டார்.

சித்தாந்தி முதலில் பார்த்தது பில்லை. அப்புறம்தான் எண்ணை. அப்புறம் கண்ணை மூடினார்.

"மாப்பிள்ளை ராட்சச கணம். பொண்ணு தேவ கணம். ரஜ்ஜு தட்டுது, பாபு."

"ஐயோ! பரிகாரம் ஏதாவது, சித்தாந்திகாரு?"

"பரிகாரம் கெடையாது. ஜோடியையே மாத்தணும். எதிர்ல ஸ்ரீஜோடி கம்ப்யூட்டர்ஸ் இருக்கு. நான் பாத்து மந்திரிச்ச ஜோடிங்க அங்க மட்டும்தான் கெடைக்கும். பதினாலாயிரம்."

ஸ்ரீஜோடி கம்ப்யூட்டர்ஸ் சித்தாந்தியின் மச்சினன் கடை. அது கிரகங்களுக்கும் தெரியும், சந்தைக்கும் தெரியும். மவுஸ் பேடுக்கு முக்கால் மணி நேரம் வாதாடிய யாதகிரி, இந்தப் பதினாலாயிரத்தில் ஒரு ரூபாய்கூடக் குறைத்துக் கேட்கவில்லை. நேரே முதல் மாடிக்கு இறங்கினார்.

"அக்கா, இதத் திருப்பி எடுத்துக்குங்க. ரஜ்ஜு தட்டுதாம்."

பிரமராம்பா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. கையில் பிரஷ். முன்னால் ஒரு பழைய கேபினெட் வாயைப் பிளந்து கிடந்தது.

"இந்த வாரம் நீங்க பதினோராவது ஆளு. போறபோக்குல நான் கடைய மூடிட்டு கல்யாணத் தரகுக்குப் போகலாம்."

"கோவிச்சுக்காதீங்க. திங்கக்கிழமை பில்லு அடிக்கணும். நடுவுல பொகை வந்துச்சுன்னா நான் தெருவுலதான் நிக்கணும்."

அவள் பிரஷைக் கீழே வைத்தாள். "திருப்பி எடுத்துக்கறேன். முழுப் பணமும் தரேன். ஆனா எனக்காக ஒரு தடவ மேல போயிட்டு வாங்க. இதோ இந்த ஜோடியையும் காட்டிட்டு வாங்க. தட்சிணை என்னோடது."

சொல்லிக்கொண்டே அந்தப் பழைய கேபினெட்டிலிருந்து போர்டைக் கழற்றினாள். பிராசஸரைப் பிடுங்கி, சூடு கடத்த மேலே தடவியிருந்த பசையைத் துடைத்தாள். இரண்டையும் புது உறையில் போட்டுக் காலிப் பெட்டிகளுக்குள் வைத்தாள். மேலே தன் கடைப் பில் ஒன்றையும் எழுதி வைத்தாள்.

"யாருது அக்கா இது?"

"ஆறு வருஷமா சுகமாக் குடும்பம் நடத்தின ஜோடி. போங்க, பின்னாடியே வரேன்."

வரிசை மறுபடி நகர்ந்தது. சித்தாந்தி பில்லைப் பார்த்தார். அதே முதல் மாடிக் கடை. முகத்தில் துக்கம் படிந்தது.

"அந்தக் கடையிலயே மாத்திக் குடுத்தாங்க, சித்தாந்திகாரு," என்றார் யாதகிரி.

சித்தாந்தி எண்ணைக் கூட்டினார். காதைப் பொத்திக்கொண்டார். "சிவ சிவா! முன்னாடி பாத்ததே தேவல. இதுங்க ரெண்டும் ஒரு நாள்கூடச் சேந்து வாழாது. சுவிட்ச போட்ட அந்த நிமிஷமே பொகை!"

கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. யாரோ ஒருவர் தன் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"போட்டுப் பாக்கலாமா?" என்றது வாசலில் ஒரு குரல். பிரமராம்பா அந்தப் பழைய கேபினெட்டைத் துணி மூடித் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"வேணாம்மா! நெருப்பு!"

"என் பொருளு. எரிஞ்சா எனக்குத்தான் நஷ்டம்."

டோக்கன் கொடுக்கும் மேஜையில் சித்தாந்தியின் மானிட்டர் சும்மா நின்றிருந்தது. இரண்டு நாளாக டோக்கனைக் கையால்தான் எழுதிக்கொடுத்தார்கள். அவள் போர்டை அட்டைப்பெட்டி மேல் வைத்தாள். பிராசஸர் சத்தமில்லாமல் சாக்கெட்டில் உட்கார்ந்தது. பசை, மின்விசிறி, மெமரி, கேபினெட்டுக்குள்ளேயே இருந்த பவர் சப்ளையிலிருந்தும் ஹார்ட் டிஸ்கிலிருந்தும் இழுத்த ஒயர்கள், மானிட்டர். கடைசியில் சுவிட்சுக்குப் பதிலாக ஸ்க்ரூடிரைவர் நுனியால் போர்டில் இரண்டு ஊசிகளைத் தொட்டாள்.

விசிறி சுற்றியது. புகை வந்தது, பக்கத்திலிருந்த ஊதுபத்தியிலிருந்து.

திரை வெளுத்தது. அதில் ருத்திராட்ச மாலையும் பட்டு வேட்டியுமாய், வலக்கை தூக்கி ஆசீர்வதித்தபடி சிலிகான் சித்தாந்தியே தோன்றினார். கீழே பெரிய எழுத்தில்: அடுத்த டோக்கன் எண் 87.

படிக்கட்டில் நின்றவர்கள்கூட எக்கி எட்டிப் பார்த்தார்கள்.

"இது... நம்ம டோக்கன் மிஷின்," என்றான் டோக்கன் எழுதுகிறவன். சம்பளம் போய்விட்டதென்று அதற்கப்புறம்தான் அவனுக்கு உறைத்தது.

பிரமராம்பா துணியை விலக்கினாள். கேபினெட்டில் சந்தனமும் குங்குமமும் பளிச்சென்று இருந்தன. "சூடாகி நின்னுபோச்சுன்னு வியாழக்கெழமை எங்கிட்டதான் அனுப்புனாங்க. தெனம் பூஜ பண்ணிப் பண்ணி விசிறிக்குள்ள கால் கிலோ குங்குமம். ஆறு வருஷமா ரஜ்ஜு தட்டலயே, சித்தாந்திகாரு?"

சித்தாந்தி சுதாரித்தார். "என் மந்திர சக்தியிலதான் ஓடுது!"

"அப்ப யாதகிரி அண்ணா ஜோடிக்கும் அதே மந்திரத்தச் சொல்லுங்களேன். மச்சினன் கடை எதுக்கு?"

"ஏய்யா," என்று பின்னாலிருந்து ஒரு பருத்த குரல், "போன வாரம் என் ஜோடியையும் இப்படித்தானே மாத்த வெச்ச? எடு என் பதினாலாயிரத்த!"

அதன்பிறகு நூறு குரல்கள். சித்தாந்திக்கு ஏதோ முகூர்த்தம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கம்பளத்தை விட்டுவிட்டுப் பின்வாசல் படிக்கட்டில் ஓடினார். எதிர்க்கடையில் ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது.

கூட்டம் தெளிந்துவிட்டது என்று நினைக்கிறீர்களா? தேங்காயோடு ஒருவர் பிரமராம்பாவிடம் பவ்யமாக நெருங்கினார்.

"அம்மா, நீங்களே பொருத்தம் பாப்பீங்களா? தட்சிணை எவ்வளவு?"

"பாப்பேன். சாக்கெட்ல உக்காந்தா பொருத்தம், உக்காரலன்னா இல்ல. இலவசம்."

"இலவசமா..." என்று அவர் முகம் தொங்கிப்போனது. காசு வாங்காத சாத்திரத்தில் என்ன சக்தி இருக்கும்?

யாதகிரி காத்திருக்கவில்லை. ராட்சச மாப்பிள்ளையையும் தேவப் பெண்ணையும் அன்று மாலையே ஒரே பெட்டிக்குள் குடிவைத்துத் தூக்கிப் போனார். திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு, நல்லநேரமா ராகுகாலமா என்று எட்டிக்கூடப் பார்க்காமல், முதல் லாரிக்கு பில் அடித்தார். விதைக் கம்பெனிக்காரன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சரக்கை ஏற்றச் சொன்னான். சித்தாந்தி கெடு வைத்த நாற்பது நாளும் போய், நூறும் போயிற்று; யாதகிரி இன்னும் பில் அடிக்கிறார்.

பத்தொன்பதாயிரம் ரூபாய்ப் பெட்டிக்கே கணக்குப் போட ஒரு மூளை தேவைப்படுகிறது. நமக்கு அதைக் காசு வாங்காமல் தலைக்குள்ளேயே பொருத்தி அனுப்பியிருக்கிறார்கள். உறையைப் பிரித்தால் வாரண்டி போய்விடும் என்று பயப்படாமல், தினம் கொஞ்ச நேரமாவது அதை ஓட்டிப் பாருங்கள், ஐயா. புகை வராது.