செய்வினைப் புழு தரிசனம்

இரண்டு வாரமாக அந்தக் கோவில்பட்டிக் கல்யாண மண்டபம் நிரம்ப முகூர்த்தமே தேவைப்படவில்லை. கழுகுமலை பஸ்ஸும் புதூர் பஸ்ஸும் கூட்டத்தைக் கொண்டுவந்து கொட்டின. உள்ளே 'நுண்ணோக்கிச் சித்தர்' சோலைச்சாமி. மற்றவர்கள் மை போட்டுப் பார்ப்பார்கள். இவர் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். விஞ்ஞானச் சாமி!

விரலில் ஒரு குத்து. கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு ரத்தம். குழாயில் கண்ணை வைத்தால் கறுப்பாக, வளைந்து, ஒரு செய்வினைப் புழு! தாயத்துக் கட்டி, மந்திரம் முடிந்து, மறுபடி பார்த்தால் புழு மாயம். கையில் இருந்த காசும் மாயம்.

செல்வமாரி ஆஸ்பத்திரி லேப்பில் தினமும் மைக்ராஸ்கோப் பார்ப்பவள். ஆடு மேய்க்கும் அவள் அப்பா சங்கிலிப்பாண்டி, காசநோய் மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டு இங்கே இரண்டாம் தடவையாக வந்திருந்தார். இருமல் கூடியிருந்தது. அவளும் கூடவே வந்தாள்.

"புழுவை எங் கண்ணால பாத்தேன்ட்டி. மிசினு பொய் சொல்லுமா?"

"மிசினு சொல்லாதுப்பா. வாங்க, நானும் பாக்குதேன்."

அப்பா முதலில் பார்த்தார். "நெளியுதுட்டி!" என்றார். நெளிந்தது புழு அல்ல. இருமலில் குலுங்கிய அவர் தலை.

செல்வமாரி கண்ணை வைத்தாள். சில்லை நகர்த்தினாள். ரத்த அணுக்கள் நகர்ந்தன, புழு நகரவில்லை. பக்கத்துத் திருகைத் திருப்பினாள். அணுக்கள் மங்கின, புழு மங்கவில்லை. கண் வைக்கும் குழாயைச் சுற்றினாள். புழுவும் கூடவே சுற்றியது! சில்லையே உருவி எடுத்தாள்.

"இப்பம் பாருங்கப்பா."

"அந்தா இருக்கே புழு!"

"யாரு ரத்தத்துல?"

வரிசையில் நின்றவர்கள் மிசினைச் சுற்றி நெருங்கினார்கள்.

"தாயீ, செய்வினை மிசினுக்குள்ள ஏறிட்டு!" என்று அலறினார் சித்தர்.

"ஏறலை அண்ணாச்சி. நீங்க ஒட்டி வச்சிருக்கீய."

மேல் குழாயைக் கழற்றி, மூடியைத் திருகி, வெளிச்சத்தில் காட்டினாள். உள்வளையத்தில் ஓர் இமைமுடி. "ரத்தத்தைப் பெரிசாக்குதது கீழ் லென்ஸ். அது காட்டுத உருவத்தை இன்னும் பெரிசாக்குதது மேல் லென்ஸ். அந்த உருவம் விழுத எடத்துல முடி இருந்தா ரெண்டும் சேந்துதான் தெரியும்."

வரிசையில் நின்ற சீனித்தாய் சித்தரின் பையைப் பிடுங்கிக் கவிழ்த்தாள். முடி ஒட்டாத இன்னொரு மேல் குழாய் விழுந்தது. மந்திரம் முடிந்ததும் மாட்டுகிற குழாய்! பின்வாசலுக்கு நழுவிய சித்தரைச் சனம் மடக்கியது. போலீஸுக்குப் போன் பறந்தது.

"அப்பம் இந்தத் தாயத்து வேலை செய்யுமா, செய்யாதா?" என்று ஒருவர் செல்வமாரியிடமே கேட்டார்.

சங்கிலிப்பாண்டி தன் தாயத்துக் கயிற்றை அறுத்தெறிந்தார். "பத்து நாளா மாத்திரையை விட்டுட்டேனேட்டி..."

"இப்பமே டாக்டர்ட்ட போவோம்ப்பா."

முடியைப் புழுவாகக் காட்ட ஒரு லென்ஸ் போதும். முடியை முடியாகப் பார்க்கத் தலை வேண்டும். ஆளுக்கொன்று இலவசமாகத்தான் இருக்கிறது. எப்போது உறை பிரிக்கப்போகிறோம்?