லோர்கன் என்றால் குட்டி மூர்க்கனாம்

கிளேர் மாவட்டம்,
சனிக்கிழமை, வழக்கமான மழை

அன்புள்ள டெர்வ்லா அக்காவுக்கு,

தம்பி லோர்கன் மரியாதையுடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் இருபத்தெட்டு மாடுகளும் சுகம். பாஸ்டனில் நீயும் அத்தானும் அத்தானின் புது முழங்காலும் சுகமாயிருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் கத்த ஆரம்பித்ததும் நீ போனை வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

விஷயம் என் மருமகள் ப்ளானிட். பேரன் பிறந்து மூன்று வாரமாகிறது, இன்னும் பேரில்லை. நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும், மூத்த பையனுக்கு அப்பாவைப் பெற்றவர் பேர். தாத்தா லோர்கன், அப்பா ரோனன், நான் லோர்கன், என் மகன் ரோனன். அடுத்தது என்ன என்று என் மாடுகளைக் கேட்டால்கூடச் சொல்லும். இவளோ குழந்தைப் பெயர்களும் அர்த்தங்களும் என்று டவுனிலிருந்து ஒரு புத்தகம் வாங்கி வந்து, போன ஞாயிறு மதியம் நான் பன்றி இறைச்சியும் முட்டைக்கோசும் வாயில் வைக்கிற நேரம் பார்த்துப் பிரித்தாள். லோர்கன் என்றால் குட்டி மூர்க்கன் என்று போட்டிருக்கிறதாம். "ஒரு வீட்டுக்கு ஒரு மூர்க்கன் போதும் மாமா" என்றாள். நான் எங்கே மூர்க்கன் என்று கேட்டேன். கேட்ட வேகத்தில் சாஸ் கிண்ணம் எகிறிச் சம்பந்தியம்மா மடியில் விழுந்தது. ரோனன் வழக்கம்போல யார் பக்கமும் சேராமல் துணி எடுத்து வந்து தரையைத் துடைத்தான்.

அர்த்தம் பார்த்தா அக்கா ஆள் நடக்கிறான்? டோனல் என்றால் உலகை ஆள்பவன். நம்ம சித்தப்பா மகன் டோனல் தொப்பியைக் கழற்றுவதற்கே பெண்டாட்டி முகத்தைப் பார்க்கிறான். அவன் மகன் கோல்ம், அப்படியென்றால் புறா. போன மாதம் ஹர்லிங் மட்டையாட்டத்தில் அந்தப் புறா நடுவரின் காதைக் கடித்துவிட்டு, ஆறு மாதத் தடையில் வீட்டில் உட்கார்ந்திருக்கிறது. ரோனன் என்றால் குட்டிக் கடல்நாய். அவனை முழங்கால் தண்ணீரில் நிறுத்தினால் தலை சுற்றுகிறது என்பான். ப்ளானிட் என்றால் சின்னப் பூவாம். அந்தப் பூ போட்ட ஒரே அதட்டலில் என் காளை மூலையில் போய் நின்றதை நானே பார்த்தேன்.

சரி, புத்தகம் பொய் என்று நடந்து காட்டிவிடலாம் என்று திங்கட்கிழமையிலிருந்து சாந்தமாக இருக்க ஆரம்பித்தேன். பால் வண்டிக்காரன் என் கேட்டை இடித்துச் சாய்த்தான், பரவாயில்லை தம்பி என்று டீ போட்டுக் கொடுத்தேன். பக்கத்துப் பண்ணை நூலாவோடு பதினோரு வருஷமாகப் பேச்சு இல்லை, அவளுடைய கழுதை என் தோட்டத்தில் மேய்ந்தபோது கழுதையைத் தடவிக் கொடுத்து வழியனுப்பி வைத்தேன். புதன்கிழமைப் பூசை முடிந்ததும் ஃபாதர் டெக்லனிடம் பிரசங்கம் பிரமாதம் என்றேன். காரியம் கெட்டது அங்கேதான். மறுநாளே நான் சாகப்போகிறேன் என்று ஊர் முழுக்கப் பேச்சு. முதல் ஆளாக நூலா ஆப்பிள் டார்ட்டோடு வந்து நின்று, "டாக்டர் எத்தனை நாள் குடுத்திருக்காரு லோர்கன்?" என்றாள். ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். நான் சிரித்ததைப் பார்த்ததும் நான் சாகத்தான் போகிறேன் என்பதில் அவளுக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போய்விட்டது, வாய்விட்டு அழுதாள். இப்போது என் வீட்டில் ஒன்பது ஆப்பிள் டார்ட், ஒரு முழு ஹாம், எனக்காகப் பூசை வைக்கக் காசு கொடுத்திருப்பதாகச் சொல்லும் அட்டைகள் பதினாலு. டோனல் வந்து, கீழ்வயலை யாருக்கு எழுதியிருக்கிறாய் என்று ஜாடையாகக் கேட்டான். அவனையும் நான் அடிக்கவில்லை. அந்தக் கஷ்டம் எனக்குத்தான் தெரியும்.

இந்தப் பேரில் உனக்கு ஏனடா இத்தனை பிடிவாதம் என்று கேட்பாய். நான் போன பிறகும் இந்த வாசலில் நின்று யாராவது லோர்கன் என்று கூப்பிட்டால் ஒருத்தன் திரும்பிப் பார்க்க வேண்டும் அக்கா. அவ்வளவுதான்.

ஞானஸ்நானம் அடுத்த ஞாயிறு விட்டு அதற்கடுத்த ஞாயிறு. ஆகவே கடிதம் கண்டதும் ரோனனுக்குப் போன் போட்டு, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேள். கையோடு ஃபாதருக்கும் போட்டு, என் தம்பி குத்துக்கல் மாதிரி இருக்கிறான், இன்னும் முப்பது வருஷம் எல்லார் உயிரையும் வாங்குவான் என்று பூசையில் அறிவிக்கச் சொல். ஆதாரத்துக்கு, எனக்கு ஒரு குறையும் இல்லை என்று நேற்று டாக்டரிடம் எழுதி வாங்கிய சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன்.

அத்தானை நான் மிகவும் விசாரித்ததாகச் சொல். புனித பிரிஜிட் தன் போர்வையை உங்கள் வீட்டின் மேல் விரித்துக் காக்கட்டும்.

உன் அன்புத் தம்பி,
லோர்கன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் ப்ளானிட் பிள்ளையும் கையுமாக, அழுத கண்ணோடு வந்து நின்றாள். ஊர்ப் பேச்சு அவள் காதுக்கும் எட்டிவிட்டது. "நீங்க எவ்ளோ வேணும்னாலும் கத்துங்க மாமா, எங்கள விட்டு மட்டும் போயிடாதீங்க. இவன் பேரு லோர்கன்தான்" என்று பிள்ளையை என் மடியில் வைத்தாள். அவளைப் பற்றி மேலே எழுதியதற்கெல்லாம் வெட்கமாக இருந்தது. உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், மாதா சத்தியமாக. இருமல்தான் வந்தது. ஆகவே யாருக்கும் போன் போடாதே. டாக்டர் சீட்டை எடுத்து அடுப்பில் போட்டுவிட்டேன். கடிதத்தையும் போட்டிருப்பேன், இத்தனை பக்கம் எழுதிய கை மறுபடி எழுத மாட்டேன் என்கிறது. ரோனன் கூப்பிட்டால் கொஞ்சம் அழு. ஞானஸ்நானம் பன்னிரண்டு மணிக்கு. பன்னிரண்டேகாலுக்கு நான் குணமாகிவிடுவேன்.