சமாதானம் படகில் டிவி மாற்றிய வகையில்

கீழ் கோத்தகிரி,
வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

தேவர்சோலையில் இருக்கும் மதிப்புக்குரிய மச்சான் சில்வஸ்டர் அவர்களுக்கு, உங்கள் தங்கை ஞானசுந்தரியின் கணவன் மனோகரன் பணிவோடு எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய இரக்கத்தால் இங்கே நான் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் மூன்று வேளையும் ரவை உப்புமா சாப்பிடுகிறவன் அப்படி எழுதினால் அது பொய்யாகிவிடும். அங்கே நீங்களும், அக்காவும், உங்கள் இஞ்சிக் காடும், பையைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்திருக்கும் உங்கள் தங்கையும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். போன் செய்திருக்கலாம். செய்தால் அவளே எடுத்துவிடுவாளோ என்று பயம். நான்தான் என்று பார்த்து எடுக்காமலே விட்டுவிடுவாளோ என்று அதைவிடப் பெரிய பயம். அதனால் கடிதம்.

அவள் தரப்பை நீங்கள் கேட்டிருப்பீர்கள். என் தரப்பில் நியாயம் எதுவும் இல்லை, இருந்தாலும் நடந்ததைச் சொல்கிறேன்.

நான் எஸ்டேட் லாரியை விட்டுவிட்டு, எஸ்டேட் ஏரியில் ‘சமாதானம்’ என்ற மோட்டார் படகைக் குத்தகைக்கு எடுத்தது உங்களுக்குத் தெரியும். எங்கள் ஏரியில் வருஷத்தில் பாதி நாள் பனிமூட்டம்தான். கோயம்புத்தூர், திருப்பூர் பக்கமிருந்து ஆசையாக வருகிறவர்கள் படகில் ஏறி உட்கார்ந்தால், எதிரே இருக்கிறவர் முகம்கூடச் சரியாகத் தெரியாது. அதற்காகத்தான் ஆரம்பத்திலேயே படகில் இரண்டு பெட்டி டிவி வைத்தோம். கல்யாண வீடியோ எடுக்கும் ஆண்டி என்பவரைக் கூட்டிவந்து, வெயில் அடித்த ஒரு நாளில் ஏரியைச் சுற்றிப் படம் பிடித்து, ஞானசுந்தரியைப் பேசச் சொல்லி ஒரு சிடி போட்டோம். வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் டிவியில் மலை தெரியும், சில்வர் ஓக் மரங்கள் தெரியும், கரையில் நிற்கும் காட்டெருமை தெரியும். “இடது பக்கம் பாருங்க, அதுதான் எங்க எஸ்டேட் பேக்டரி. யாரும் எந்திரிச்சு நிக்காதீங்க, படகு ஆடும்” என்று அவள் குரல் வரும். ஜனங்களும் பார்த்துவிட்டு, ஏரி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இப்படியே இத்தனை வருஷம் ஓடியது.

போன மாதம் திருப்பூர்க்காரர் ஒருவர் டிவியைத் தட்டிப் பார்த்து, “ஏனுங்க, இது டிவியா, கோழிக்கூண்டா?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். மறுநாளே கோத்தகிரி போய் எலக்ட்ரானிக்ஸ் கடை டெனினிடம் சொன்னேன். அவன் பழைய இரண்டையும், சிடி பிளேயரையும், எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டு, சுவரில் ஒட்டிய காலண்டர் மாதிரி இரண்டு ஸ்மார்ட் டிவியை மாட்டிவிட்டுப் போனான். ஞானசுந்தரியிடம் ஒரு வார்த்தை கேட்டேனா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கவில்லை மச்சான். அசத்தலாம் என்று நினைத்தேன்.

முதல் சவாரியிலேயே படகு வலது பக்கம் சாய்ந்தது. ஏறி இறங்கும் வழி வலது பக்கம் என்பதால் அந்தக் கனமான டிவி இரண்டும் இடது பக்கம்தான் இருந்தன. அதற்கு ஈடாக பேட்டரி, டூல் பெட்டி, லைஃப் ஜாக்கெட் எல்லாவற்றையும் நானே வலது பக்கம் அடுக்கியிருந்தேன், பின்னாளில் அடுக்கிய காரணத்தை மறந்துவிட்டேன். இப்போது இடது பக்கம் எடையே இல்லை. தண்ணீர் வலது விளிம்பை நக்குகிறது. நான் மரியாதையாகத்தான், “கொஞ்சம் வாட்டசாட்டமா இருக்கறவங்க இந்தப் பக்கம் வந்து உக்காருங்க” என்றேன். பெருந்துறையிலிருந்து வந்த ஆயம்மாள் என்ற அம்மாள், “யாரைப் பாத்துச் சொல்றீங்க? என்னைய என்ன, பருத்தி மூட்டைன்னு நெனச்சீங்களா?” என்று எழுந்து நின்றுவிட்டார். அவர் எழுந்ததும் படகு இன்னும் சாய்ந்தது. பிறகு அவர் இடது பக்கம் வந்து உட்கார்ந்தார், படகும் நிமிர்ந்தது. ஆனால் கரை சேரும்வரை என்னைப் பார்த்த பார்வையில் மன்னிப்பு இல்லை.

சரி, சாமான்களை மாற்றி அடுக்கியாயிற்று. அடுத்து படம் வேண்டுமே? சிடி பழைய பிளேயருக்குள்ளேயே கிடந்து அதோடு போய்விட்டது, இருந்திருந்தாலும் போட இந்த டிவியில் வாயே கிடையாது. போனில் இருப்பதை டிவியில் காட்டலாம் என்று டெனின் சொல்லியிருந்தான், ஆனால் ஏரிக்கு நடுவில் என் போன் செத்துவிடும். தேனிலவுக்கு வந்திருந்த அஸ்வந்த் என்ற பையன், “என் போன்ல சிக்னல் இருக்குங்க அங்கிள்” என்று பெருந்தன்மையாக இணைத்துக் கொடுத்தான். அந்த நேரம் பார்த்து அவன் அம்மாவிடமிருந்து செய்தி வந்து, இரண்டு டிவியிலும் முழம் முழமாக எழுத்து ஓடியது: “கண்ணு, மப்ளர் கட்டிக்கிட்டயா? அவ கட்டிவுட மாட்டா, அவளுக்கு அதெல்லாம் எங்க தெரியப்போகுது, நீயே கட்டிக்கோ.” பக்கத்தில் இருந்த அவன் மனைவி, தான் கட்டிவிட்ட மப்ளரை அவன் கழுத்திலிருந்து நிதானமாக அவிழ்த்து, மடித்து, தன் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். அந்தக் குடும்பம் இப்போது எப்படி இருக்கிறதோ, ஜெபத்தில் நினைத்துக்கொள்கிறேன்.

இதற்குப் பிறகாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும். டெனின் ஒரு பென் டிரைவ் கொண்டுவந்தான். அதில் புதுப் படம், கம்ப்யூட்டரே பேசும் பெண் குரல். “வணக்கம் சுற்றுலாப் பயணிகளே, இன்று வானம் தெளிவாக உள்ளது” என்றது அந்தக் குரல். அன்று என் கையே எனக்குத் தெரியாத மூட்டம். பேக்டரி இடது பக்கம் இருக்க, வலது பக்கம் பாருங்கள் என்றது. ஜனங்கள் குழம்பக்கூடாதே என்று நான் படகைத் திருப்பினேன். கோரைப்புல்லில் போய்ச் செருகிக்கொண்டது. அந்த நேரத்தில்தான் ஞானசுந்தரி எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து கரையில் நின்றிருக்கிறாள். மூட்டத்துக்குள் படகு தெரியவில்லை. ஆனால் புருஷன் படகிலிருந்து வேறொரு பெண் நயமாகப் பேசுவது மட்டும் நன்றாகக் கேட்டிருக்கிறது.

நான் கரையேறியதும், “யாரு அவ?” என்றாள்.

“ஆளில்லம்மா, மெஷின்” என்றேன்.

“நான் பேசுனது?”

“அது சிடியோட போயிருச்சு.”

“போயிருச்சா, நீங்க குடுத்தீங்களா?”

இதற்கு நான் பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். “இந்தக் குரல் தெளிவா இருக்குல்ல?” என்று சொன்னேன் மச்சான். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. டிபன் கேரியரைக் கீழே வைத்தாள். அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

மறுநாள் டெனினைப் பிடித்து உலுக்கியதில், பழைய டிவிகளை மலைப்பாதைத் திருப்பத்தில் டீக்கடை வைத்திருக்கும் ராஜகுமாரிக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னான். போனேன். கடை நிறைய ஆட்கள். பெட்டி டிவியில் நம் ஏரி. “யாரும் எந்திரிச்சு நிக்காதீங்க” என்று ஞானசுந்தரி அதட்ட, எழுந்தவர்கள் உட்கார்ந்து இன்னொரு டீ சொல்கிறார்கள். “இந்தக்கா வந்ததுல இருந்து ஏவாரம் நல்லாருக்குங்க, தரமாட்டேன்” என்றார் ராஜகுமாரி. நானும் ஒரு டீ சொல்லி உட்கார்ந்து முழுவதையும் கேட்டேன். படகில் ஒரு நாளும் நான் முழுவதையும் கேட்டதில்லை மச்சான். கரை வருகிற நேரம் கயிறு கட்டுகிற அவசரத்தில் நிறுத்திவிடுவேன். கடைசியில், ஆண்டி கேமராவை அணைப்பதற்கு முன்னால், அவள் மெதுவாகப் பேசுவதும் பதிவாகியிருக்கிறது. “போதுங்களாண்ணா? அவரு காலையில இருந்து வெறும் வயித்தோட படகைத் தள்ளிக்கிட்டு நிக்கிறாரு, சாப்பிடச் சொல்லுங்க.” டீ ஆறிப்போய்விட்டது. இத்தனை வருஷம் இது என் படகுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

இரண்டு புது டிவியையும் ராஜகுமாரியிடம் கொடுத்துவிட்டு, பழையவற்றைச் சிடி பிளேயரோடு தூக்கிவந்தேன். இன்று மத்தியானம் பழைய இடத்திலேயே வைத்தாயிற்று. படகு நேராக நிற்கிறது. ஞானசுந்தரியின் குரல் ஏரி முழுக்கக் கேட்கிறது. இனி இந்தப் படகு உள்ளவரை அந்தக் குரல்தான், வேறு குரல் இல்லை என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். இதை அவளிடம் பதமாகச் சொல்லி அனுப்பிவையுங்கள். அக்காவுக்கு என் அன்பு. உங்கள் வீட்டிலும் காட்டிலும் ஆண்டவர் குறைவில்லாமல் நிறைக்கட்டும்.

இப்படிக்கு,
வருத்தத்திலும் உப்புமாவிலும் இருக்கும்
உங்கள் மைத்துனன் மனோகரன்.

பின்குறிப்பு: சனிக்கிழமை. தபாலில் சேர்ப்பதற்குள் உங்கள் தங்கை முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். எனக்காக இல்லையாம். நாளை சர்ச்சில் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஜெபம் அவள் முறையாம். கையோடு படகுக்குக் கூட்டிப்போய், பயணிகள் முன்னால் பெருமையாக டிவியைப் போட்டேன். இரண்டு நிமிஷம் கேட்டாள். எழுந்து போய் ஒயரைப் பிடுங்கினாள்.

“ஏனுங்க, இதை எதுக்கு மறுபடி தூக்கிட்டு வந்தீங்க? அந்த வயசுல நான் கத்துன கத்து! தினமும் கரையில நம்ம ஊட்டுக்குள்ள இருந்து இதைக் கேக்கறப்ப மானம் போகும் எனக்கு.”

“அப்புறம் ஏன்டி கோவிச்சுக்கிட்டுப் போனே?”

“வேற குரல் வேணும்னா ஒரு வார்த்தை எங்கிட்டக் கேட்டிருக்கலாம்ல? நான் என்ன ஊமையாவா போயிட்டேன்?”

மேலே நான் கொடுத்த வாக்கு எதையும் நம்பாதீர்கள். டிவி இரண்டும் துணி போர்த்திச் சும்மா இருக்கின்றன. மைக் அவள் கையில் இருக்கிறது. “இடது பக்கம் ஒரு காட்டெருமை நிக்கும். உங்களுக்குத் தெரியாது, ஆனா அது நம்மளப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கும்” என்றாள், படகே சிரித்தது. அப்புறம், “எல்லாரும் அப்படியே பின்னால திரும்புங்க. ஸ்டியரிங் புடிச்சு நிக்கிறாரே, அவரு போன மாசம் என்ன பண்ணாருன்னு சொல்றேன்” என்று ஆரம்பித்தாள். எல்லோரும் திரும்பினார்கள். அந்த மூட்டத்தில் அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்தது நான் ஒருவன்தான்.