பாப்பா தூங்குது, பாவு போட்டிருக்குது

பெரிய காஞ்சிபுரத்தில் எழும்பிய மொத்தச் சத்தத்தில் பாதிக்கு எங்கள் எதிர்வீட்டுக்காரர்தான் பொறுப்பு. மீதிப் பாதியைத்தான் பஸ்களும் ஆட்டோக்களும் கோயில் மேளங்களும் பங்கிட்டுக்கொண்டன. அவருக்கும் பெற்றோர் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஊருக்கு அவர் ‘மைக்செட்’. காது குத்து, மஞ்சள் நீராட்டு, ஆடி மாதக் கூழ், கட்சிக் கூட்டம் எதுவானாலும் மரத்தில் ஏறிப் புனல் ஸ்பீக்கர் கட்டுபவர் அவர்தான்.

அந்த ஸ்பீக்கர்களுக்கு அவர் தொண்டையோடு போட்டிபோட முடியாது. ஒருமுறை என்னை ஓரமாக அழைத்துப்போய், காதருகே குனிந்து, பக்கத்துத் தெருக் கல்யாணத்தைப் பற்றி ரகசியம் சொன்னார். “மாப்ள பையன் கொஞ்சம் தண்ணி போடுவானாம் சார்.” அன்று சாயங்காலமே மாப்பிள்ளை வீட்டார் அவரிடம் சண்டைக்கு வந்துவிட்டார்கள். “நான் சார் காதுலதானே சொன்னேன்? இவங்களுக்கு எவன் போட்டுக் குடுத்தான்?” என்று அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார்.

அந்தத் தெருவுக்கு நாங்கள் குடிபோனபோது மகள் யாழினி கைக்குழந்தை. என் மனைவி சுமதி சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கச் சேர்ந்திருந்தாள். வாடிக்கையாளர்களின் புகார்களைப் போனில் கேட்டுப் பதில் சொல்லும் வேலை. அழைப்புகள் அதிகமாக வருவது மத்தியானத்தில். அந்த நேரத்தில் குழந்தை நன்றாகத் தூங்கினால் பிரச்சினை இல்லை. யாழினியோ அரை மணி நேரத்தில் முனகுவாள். பத்திரிகை ஆபீஸில் இரவு வேலை முடித்துவிட்டுப் பகலில் வீட்டில் இருக்கும் நான் பாய்ந்துபோய்த் தூளியிலிருந்து தூக்குவேன். தூக்கியதும் அவள் கண்ணை முழுசாகத் திறந்து, வீடு அதிர அழுவாள். போனின் மறுமுனையில் இருப்பவர், “உங்க ஆபீஸ்ல குழந்தை இருக்கா?” என்று கேட்பார். இன்னொரு தடவை அழுகை கேட்டால் வேலை நிரந்தரமாகாது என்று மேலதிகாரி பதமாகச் சொல்லிவிட்டார்.

குழந்தையை எழுப்புவது யார் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. மைக்செட் தன் சாமான்களைச் சோதித்துப் பார்க்கும் நேரம் மத்தியானம். ஒருநாள் சுமதி குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள்.

“அண்ணா, இவ தூங்கலேன்னா என் வேல போயிடும்.”

“யாரும்மா எழுப்புறாங்க? சொல்லு தங்கச்சி, கைய கால ஒடச்சிடறேன்!”

“நீங்கதாண்ணா.”

மைக்செட் குழந்தையின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சொன்னார்: “இந்த ஆர்டர நான் எடுத்துக்கினேன். நீ கவலப்படாம போ.”

கவலையே அப்போதுதான் ஆரம்பமானது. மறுநாள் காலை, யாழினி கண்ணயர்ந்த சமயம், தெருவே அதிரும்படி ஒரு குரல். “பெரியோர்களே, தாய்மார்களே! நம்ம தெருவுல ஒரு பாப்பா தூங்கிக்கினு இருக்குது! தயவுசெஞ்சு யாரும் சத்தம் போடாதீங்க! பாப்பா தூங்கிக்கினு இருக்குது!” மூன்றாவது முறை அறிவித்தபோது அது பொய்த் தகவலாகிவிட்டிருந்தது.

அடுத்து காஸ் சிலிண்டர் போடும் ஆளைப் பிடித்தார். சிலிண்டரைத் தரையில் உருட்டக் கூடாது, தோளில் தூக்கிவந்தாலும் இறக்கும்போது ‘ணங்’ என்கிறது என்று ஒரு பழைய டயரைக் கையில் கொடுத்து, அதன் மேல் இறக்கச் சொன்னார். பத்து மணிக்கு மேல் குக்கர் விசில் வரக் கூடாது என்று வீடு வீடாகச் சொன்னார். “பருப்பு வேக வாணாமா?” என்று கேட்ட ஒரு வீட்டில், “காலையிலயே வேக வெச்சுக்கோ. பருப்பு எங்க ஓடிடப் போவுது?” என்று அவர் பதில் சொன்னது எங்கள் வீட்டில் தெளிவாகக் கேட்டது.

பக்கத்து வீட்டில் தணிகாசலம் பட்டுத்தறி போட்டிருந்தார். மத்தியானம் தறியை நிறுத்தச் சொன்னபோது அவர் முறைத்தார்.

“தறிய நிறுத்திட்டு நான் இன்னா பண்ணட்டும்? நானும் தூங்கட்டா?”

“தூங்குப்பா. யார் வாணான்னது?”

தணிகாசலம் தூங்கினார். அவரைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரரும் தூங்கினார். சில நாட்களில் யாழினியைத் தவிரத் தெருவில் எல்லோரும் மத்தியானம் தூங்கினார்கள்.

அவருடைய அடுத்த ஏற்பாட்டுக்கு, எங்கள் ஊர்க்காரனுக்கு மட்டுமே இருக்கக்கூடிய கிரிமினல் மூளை தேவைப்பட்டது. பிரச்சினை வண்டிகள். பக்கத்துச் சாலையில் நெரிசலானால் பைக், ஆட்டோ எல்லாம் எங்கள் தெருவுக்குள் நுழைந்து ஹாரன் அடிக்கும். மைக்செட் யோசித்தார். தறியில் ஏற்றுமுன் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிச் சரிசெய்வது நெசவாளர் வழக்கம். அதுதான் பாவு. பாவு போட்டிருக்கும் தெருவுக்குள் காஞ்சிபுரத்தில் யாரும் வண்டியை விடமாட்டார்கள். குடித்துவிட்டு வருபவன்கூட இறங்கித் தள்ளிக்கொண்டு திரும்பிப் போவான். வழக்கமாக விடிகாலையில் போட்டு, வெயில் ஏறுமுன் சுருட்டிவிடுவார்கள். மைக்செட் தணிகாசலத்திடம் கழிவு நூலை வாங்கி, அதை மத்தியானத்தில் இழுத்துக் கட்டினார்.

“மட்ட மத்தியானத்துல எவன்யா பாவு போடுவான்? ஊரே சிரிக்கும்” என்றார் தணிகாசலம்.

“சிரிக்கட்டும். சத்தமில்லாம சிரிக்கச் சொல்லு.”

தணிகாசலத்தின் மனைவி வள்ளியம்மா ஒரு முனையில் இழைகளைக் கட்டிய கோலைப் பிடித்து நிற்க, மறுமுனையில் இவர் நிற்பார். வண்டிகள் தெருமுனையில் நின்று, பார்த்து, மரியாதையாகத் திரும்பின. தெருவில் காக்காய்கூடக் குரலைத் தாழ்த்திக்கொண்டதாக எனக்கு ஒரு பிரமை. யாழினி வழக்கம்போல அரை மணி நேரத்தில் முனகினாள். நான் வழக்கம்போலப் பாய்ந்து தூக்கினேன்.

சுமதியின் தகுதியைப் பார்க்கும் நாள் வந்தது. மேலதிகாரி தானும் அழைப்பில் இருந்து, அவள் பேசுவதை எல்லாம் கேட்கப்போகிறார். சுமதி பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஹெட்போனோடு உட்கார்ந்தாள். முன்னறைத் தூளியில் யாழினி. வெளியே பாவு. எல்லாம் சரியாக இருந்தபோது தெருமுனையில் தவில் கேட்டது.

பக்கத்தில் உள்ள சின்னக் கோயில் சாமியின் காலைப் புறப்பாடு. ஒவ்வொரு வீட்டிலும் தீபாராதனைக்கு நின்று நின்று மத்தியானமாகிவிட்டிருந்தது. எதிர்வீட்டு ஓரமாக நின்றிருந்த நானும், தன் முனைக் கோலைத் தணிகாசலத்திடம் கொடுத்துவிட்டு மைக்செட்டும் ஓடினோம். பல்லக்கு அதற்குள் பாவின் அந்தப் பக்கமாக எங்கள் வீட்டு வாசலுக்கே வந்து, மேலே போக இடமில்லாமல் நின்றுவிட்டது.

“இன்னாய்யா இது, இந்நேரத்துல பாவு?” என்றார் நாயனக்காரர்.

“அண்ணே, பாப்பா தூங்குது. கொஞ்சம் அமுக்கி வாசிங்க.” மைக்செட் கிசுகிசுத்தார். சாமிக்குப் பின்னால் வந்த பஜனைக்காரர்கள் வரைக்கும் கேட்டது.

“நாயனத்த எப்டிய்யா அமுக்கறது? உன் செட்டு மாதிரி திருகாணியா வெச்சிருக்கேன்?”

“அப்ப நீலாம்பரி வாசிங்க. தாலாட்டு ராகம்தானே?”

“அது ராத்திரி சாமிய பள்ளியறைக்கு அனுப்பறப்ப வாசிக்கறதுய்யா! இப்ப வாசிச்சா பல்லக்கு தூக்கறவன் தூங்கிடுவான். சாமிய நீ புடிப்பியா?”

குருக்கள் வெயிலில் வாடிப்போயிருந்தார். “வாசிச்சுடுங்கோளேன். பாவு சுருட்டற வரைக்கும் எப்படியும் நிக்கத்தானே போறோம்” என்றார். தவில்காரர் குச்சியை இடுப்பில் செருகிக்கொண்டார். நட்ட நடுப்பகலில், பட்டுக் கடைத் தெருக்களுக்கு நடுவில், நீலாம்பரி எழுந்தது.

அப்போது உள்ளே யாழினி முனகினாள்.

எனக்கும் என் வீட்டு வாசலுக்கும் இடையில் பல்லக்கும், அதைத் தாங்கிய கழிகளும், இந்தப் பக்கம் பாவும் இருந்தன. இழைகளுக்கு அடியில் குனிந்து நுழையப் பார்த்தேன். வள்ளியம்மா அலறினார்.

“சார், சார்! தலைய விடாதீங்க! இழ அறுந்துடும்!”

“இது கழிவு நூலும்மா! கொழந்த அழுவுது!”

“கழிவோ எதுவோ, பாவு பாவுதான் சார். சுருட்டற வரைக்கும் அங்கயே நில்லுங்க.”

வாழ்நாள் முழுக்கப் பாவைக் காத்த கை, பொய்ப் பாவுக்காகவும் கோலை இறுகப் பிடித்தது. நான் நின்றேன். முனகல் உயர்ந்தது. ஒரு சின்ன அழுகை. சுமதியின் வேலை என் கண்முன் போய்க்கொண்டிருந்தது. மைக்செட் இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு அழுகை சிணுங்கலானது. சிணுங்கல் இரண்டு தடவை விட்டுவிட்டு வந்து, நின்றே போனது.

பாவைச் சுருட்டி, பல்லக்கு நகர்ந்து, நான் உள்ளே போனபோது யாழினி தூளியில் புரண்டு படுத்து அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்துச் சுமதி கதவைத் திறந்து வந்தாள். “அழவே இல்லையா? யார் தூங்க வெச்சது?” என்றாள். நாயனம்தான் என்று தெரு சொன்னது. மைக்செட்டின் ஏற்பாடு என்று மைக்செட் சொன்னார்.

எனக்கு மட்டும் சந்தேகம். மறுநாள் அவள் முனகியபோது தூளிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கண்ணைத் திறக்காமலே முகத்தைச் சுளித்தாள், காலை உதைத்தாள், பெருமூச்சு விட்டுத் தூங்கிவிட்டாள். அதற்கடுத்த நாள் மைக்செட் திருவிழா வேலையாக பக்கத்துக் கிராமமான மாகறலுக்குப் போயிருந்தார். பாவு இல்லை. சிலிண்டர் ‘ணங்’ என்றது, குக்கர்கள் கூவின, ஆட்டோக்கள் ஹாரன் அடித்தன, தணிகாசலத்தின் தறி தடதடத்தது. யாழினி இரண்டு மணி நேரம் தூங்கினாள். ஆக, அவளை எழுப்பிக்கொண்டிருந்தது ஊர்ச் சத்தமே இல்லை, அவசரமாகத் தூக்கிய கைதான். தெரு முழுவதும் வாயைப் பொத்தியதெல்லாம் வீண்.

அன்று சாயங்காலமே மைக்செட் திரும்பிவிட்டார். இதைச் சொல்லி, அவரை விடுவித்துவிடலாம் என்று எதிர்வீட்டுக்குப் போனேன். அவரே முந்திக்கொண்டார்.

“மாகறல்ல ஒரே தகராறு சார். மத்தியானத்துல பாட்டு போட மாட்டேன்னுட்டேன். அங்கயும் கொழந்தைங்க இருக்குமில்ல? அடுத்த வருசம் வேற ஆள பாத்துக்கறோம்னாங்க. பாத்துக்கோன்னுட்டேன்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். இந்தத் தடவை உண்மையிலேயே தாழ்ந்தது. “இன்னிக்கு பாவு இல்லியே. பாப்பா தூங்குச்சா சார்?”

“ரொம்பக் கஷ்டப்பட்டுட்டா அண்ணா” என்றேன்.

“பாத்தீங்களா? நான் ஒருநாள் இல்லேன்னா இதான்” என்றார், அளவில்லாத சந்தோஷத்தோடு.

சுமதியின் வேலை நிரந்தரமான அன்று, முதல் மைசூர்பாகுப் பெட்டியை அவள் அவருக்குத்தான் கொடுத்தனுப்பினாள். நான் போனது மத்தியானத்தில். மைக்செட் எங்கள் வீட்டு ஜன்னலை ஒருமுறை பார்த்தார். பெட்டியைச் சுற்றியிருந்த ஜிகினாத் தாள் சரசரக்காதபடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தார். அதற்கு வெகுநேரம் பிடித்தது. அவர் பிரித்து முடிக்கும்வரை நானும் மூச்சுவிடாமல் பக்கத்தில் நின்றேன்.