சர்க்கரை போட்டு நான் வரைந்த ஸ்லைடுகள்

ஓவியம் படித்தவர்களிடம் ஒரு வேலையைக் கொடுக்கும்போது 'அழகாகச் செய்துகொடு' என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. அழகைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மறந்துவிடுவார்கள். நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவள்தான் என்பதால் இதைத் தைரியமாகச் சொல்கிறேன்.

அறுபதுகளில் பம்பாயில் விளம்பர ஓவியம் படித்து முடித்துவிட்டு, மாட்டுங்கா வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். ('சும்மா' என்பது அம்மாவின் சொல். நான் சிந்தித்துக்கொண்டிருந்தேன்.) அப்பா ரயில்வே பார்சல் ஆபீசில் கிளார்க். தீபாவளிக்குள் படம் வரைந்து ஏதாவது சம்பாதித்துக் காட்ட வேண்டும், இல்லையென்றால் டைப்ரைட்டிங் வகுப்பில் சேர வேண்டும் என்று கெடு வைத்திருந்தார். எனக்கு டைப்ரைட்டிங் என்றாலே வேப்பங்காய். எல்லா எழுத்தையும் ஒரே அளவில், ஒரே கறுப்பில் அடித்துத் தள்ளும் ஓர் இயந்திரத்தின் முன்னால் என்னைப் போன்ற கலைஞி போய் உட்காருவதா?

அந்தச் சமயம் பார்த்து மீரான் பாய் வந்து சேர்ந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தாராவியில் தோல் பட்டறை வைத்து, கைப்பையும் பெட்டியும் தைத்து வெளியூர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அவருடைய மூட்டைகள் அப்பாவின் ஆபீஸ் வழியாகத்தான் போகும். அங்கே பேச்சுவாக்கில் அப்பா, "நம்ம பொண்ணு படம் நல்லா போடுவா" என்று பெருமையடித்திருக்கிறார். (வீட்டில் ஒரு நாளும் சொன்னதில்லை.)

பாய்க்கு ஒரு நெருக்கடி. மழைக்காலத்தில் வேலை படுத்துவிட்டது. பட்டறை ஆட்கள் பாதி நாள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜெர்மனியிலிருந்து ஒரு வியாபாரி சரக்குப் பார்க்க வரப்போகிறார். போன வருடம் வந்தபோது வேறொரு பட்டறைக்காரர் அவருக்கு ஸ்லைடு போட்டுக் காட்டி ஆர்டரை வாங்கிவிட்டார்.

"இருட்டுல ஒக்கார வச்சு படத்தக் காட்டி தட்டிட்டுப் போயிட்டாம்மா. நம்ம சரக்கு அவன் சரக்கவிட ஒசத்தி. நமக்கும் அந்த மாதிரி போட்டுக் குடு. ஏக்தம் ஃபஸ்ட் கிளாஸா இருக்கணும்" என்றார் பாய்.

நான் ஒப்புக்கொண்டேன். கலர் பிலிம் அப்போது லேசில் கிடைக்காது. ஆகவே, சினிமாக் கொட்டகையில் படத்துக்கு முன்னால் ஜவுளிக்கடை விளம்பரம் காட்டுவார்களே, அந்த மாதிரி உள்ளங்கை அளவு கண்ணாடித் துண்டுகளில் கையால் வரைவது என்று முடிவாயிற்று.

அங்கேதான் எனக்கும் பாய்க்கும் யுத்தம் தொடங்கியது.

படிப்பில் எனக்குச் சொல்லித்தந்தவற்றில் நான் உருப்படியாகப் பிடித்துக்கொண்டது ஒன்றுதான்: வெற்றிடம். ஒரு படத்தில் எதை வரைகிறோம் என்பதைவிட எதை வரையாமல் விடுகிறோம் என்பதே முக்கியம். ஒரு ஸ்லைடில் ஒரே ஒரு கைப்பை, ஓர் ஓரத்தில். மற்ற இடமெல்லாம் இளமஞ்சள். அவ்வளவுதான். முதல் மாதிரியைத் தாளில் வரைந்து பாயிடம் காட்டியபோது, அவர் அதைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"மிச்சத்த எப்பம்மா போடுவ?"

"இவ்வளவுதான் பாய். முடிஞ்சாச்சு."

"இந்த எடம் பூரா சும்மா கெடக்கே."

"அது சும்மா இல்ல பாய். அதுதான் பையைத் தூக்கிக் காட்டும்."

"கண்ணாடிய முழுசா வாங்கிட்டு பாதிய வெறுமன விட்டா, வாறவன் நமக்கு எளுதத் தெரியலன்னுல்லா நெனப்பான்" என்றார். பிறகு கெஞ்சலாக, "கம்பெனி பேர எளுது. அட்ரஸ எளுது. போன் நம்பர். ஒரு கப்பல் போடு, ஏற்றுமதின்னு தெரியும். எங்க வாப்பா போட்டோ ஒண்ணு இருக்கு, அந்த மூலைல நல்லா பொருந்தும்."

ஒவ்வொரு வாரமும் வருவார். ஒவ்வொரு வாரமும் ஒரு கப்பல் கேட்பார். கப்பல் இல்லையென்றால் விமானம். விமானமும் இல்லையென்றால் குறைந்தபட்சம் ஒரு ரோஜாப்பூ. நான் அசையவில்லை. அழகுணர்ச்சி என்றால் என்ன என்று அப்பாவைவிட மூத்த மனிதருக்கு விளக்கவுரை நிகழ்த்தினேன். அம்மா கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிம்மா, நீ படிச்ச புள்ள" என்று எழுந்து போனார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். இன்று அந்தப் பெண் என் முன்னால் வந்தால் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைப்பேன்.

வரைய உட்கார்ந்தால் அடுத்த தொல்லை. கண்ணாடியில் பூசிய சாயம் காய்ந்ததும் பாளம் பாளமாக வெடித்தது. கைப்பை முதலைத்தோல் மாதிரி ஆயிற்று. சாயத்தில் கொஞ்சம் தேன் கலந்தால் வெடிக்காது என்று எப்போதோ வகுப்பில் கேட்டது ஞாபகம் வந்தது. வீட்டிலிருந்த தேன் மருந்துக்கென்று அம்மாவின் அலமாரியில் பூட்டி வைக்கப்பட்டிருந்தது. தேன் என்ன, சர்க்கரை என்ன, இரண்டும் இனிப்புத்தானே என்று என் மூளை வேலை செய்தது. சர்க்கரையைப் பாகு காய்ச்சிச் சாயத்தில் கலந்தேன். வெடிக்கவே இல்லை. பளபளவென்று, நிஜத் தோலுக்கு மெருகு போட்ட மாதிரி நின்றது. எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

"ஏண்டி, டப்பால பாதி சர்க்கரையக் காணோம். ரேஷன்ல இனிமே அடுத்த தடவைதான் குடுப்பான். காபிக்கு என்னத்தப் போடறது?" என்று அம்மா கேட்டாள்.

"கலைக்காக" என்றேன். அதற்கப்புறம் அம்மா சொன்னதை இங்கே எழுத முடியாது.

வழக்கமாக இப்படிப்பட்ட ஸ்லைடின் மேல் இன்னொரு கண்ணாடியை மூடிச் சுற்றிலும் காகிதம் ஒட்டுவார்கள். நான் மூடவில்லை. மூடினால் என் நிறங்கள் ஒரு சாயல் மங்கின. ஜன்னலோரம் காய வைத்திருந்தபோது நாலைந்து கட்டெறும்புகள் வந்து பார்த்துவிட்டுப் போனதையும் கவனித்தேன். ஊதிவிட்டேன். ஊதிவிட்டு எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் அடுக்கி மூடினேன். எத்தனை எறும்பு வெளியே போயிற்று, எத்தனை உள்ளே தங்கிற்று என்று பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

ஜெர்மன்காரர் வந்த அன்று தாராவியில் கொட்டித் தீர்த்தது. பட்டறையின் மாடி அறையில் ஏற்பாடு. இருட்டு வேண்டும் என்று ஜன்னல்களில் முழுத் தோல்களைத் தொங்கவிட்டிருந்தார் பாய். காற்று என்ற பேச்சே இல்லை. சுவரில் கஞ்சி போட்ட வெள்ளைப் படுக்கை விரிப்பு. செம்பூரிலிருந்து டேனியல் என்பவர் தன் புரொஜெக்டருடன் வந்திருந்தார். கொட்டகைகளுக்கு ஸ்லைடு காட்டிப் பழகியவர். வாயைத் திறக்காத ஆசாமி. கீழே இருந்த பட்டறை ஆட்களும் மெல்ல ஏறி வந்து கதவோரம் நின்றார்கள். ஆர்டர் யாருக்கு என்று அவர்களுக்கும் தெரிந்தாக வேண்டுமே.

ஜெர்மன்காரர் நல்ல உயரம், நல்ல மரியாதை. மடித்த குடையை முழங்காலில் வைத்துக்கொண்டு முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார். பாய்க்கு இங்கிலீஷ் வராது என்பதால் பேசும் பொறுப்பும் என்னுடையதாகியிருந்தது. கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்த பேச்சு. பேசுபவர் திரையைத் திரும்பிப் பார்க்காமல், பார்ப்பவர்களின் கண்களையே பார்த்துப் பேச வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். அதன்படி திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையில் ஒரு பிரம்புடன் நின்றேன்.

முதல் ஸ்லைடு விழுந்தது. ஜெர்மன்காரர் தலையசைத்து "குட்" என்றார். என் கால் தரையில் இல்லை.

அடுத்த ஸ்லைடுக்கு அவர் கண்கள் விரிந்தன. நான் இங்கிலீஷில், "இந்தப் பையின் எளிமையைக் கவனியுங்கள்" என்றேன். அவர் கவனித்தார். நாற்காலியில் முன்னால் நகர்ந்தே கவனித்தார். "ஒரு மாசு மறு கிடையாது" என்று பிரம்பால் திரையைத் தொட்டேன். கதவோரம் யாரோ "ஐயோ" என்றார். அழகைப் பார்த்து உருகிவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். "இதன் உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள்" என்றேன்.

"ஏம்மா, கொஞ்சம் திரும்பிப் பாரு" என்று பாய் மெதுவாகச் சொன்னார்.

திரும்பினேன். பூனைக்குட்டி அளவில் ஒரு கட்டெறும்பு, கைப்பையின் வாயிலிருந்து புறப்பட்டு என் இளமஞ்சள் வெற்றிடத்தின் நடுவே நிதானமாக நடந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் இன்னொன்று. விளக்கின் சூட்டில் இரண்டும் வேகம் பிடித்தன.

டேனியல் கடமை தவறாதவர். படம் சரியாகத் தெரியவில்லை என்பதால் எல்லோரும் பதறுகிறார்கள் என்று நினைத்து, ஃபோகஸைத் திருத்தினார். எறும்பின் மீசை தெளிவாகத் தெரிந்தது.

"அடுத்தது போடுங்க, அடுத்தது போடுங்க" என்றேன். அடுத்ததில் நாலு எறும்பு.

அதற்குள் அறையில் ஒரு வாசனை கிளம்பியது. தீபாவளிக்கு அடுப்படியில் வருமே, அந்த வாசனை. பாகு முற்றிக்கொண்டிருந்தது. ஜெர்மன்காரர் மூக்கை உயர்த்தி இரண்டு முறை முகர்ந்தார். பதம் கண்ட பாகு சும்மா நிற்குமா? வழிய ஆரம்பித்தது. ஸ்லைடைத் தலைகீழாகப் போட்டால்தான் திரையில் நேராகத் தெரியும். ஆகவே சாயம் கீழே வழிய வழிய, திரையில் கைப்பை மேல்நோக்கி உருகிக் கூரையைப் பார்த்துப் போயிற்று. போகிற வழியில் எறும்புகளையும் சேர்த்துக்கொண்டு போயிற்று.

"பஸ், பஸ், போதும். வெளக்கப் போடு" என்றார் பாய்.

வெளிச்சம் வந்தது. எனக்குத்தான் உலகம் இருண்டிருந்தது. தோல் வியாபாரத்தில் பூச்சி என்ற சொல்லைக்கூட யாரும் உரக்கச் சொல்ல மாட்டார்கள். கதவோரம் நின்ற ஆட்களின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஜெர்மன்காரர் குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மிகவும் பணிவாக ஒரு கேள்வி கேட்டார்.

"என்ன கேக்காரு?" என்றார் பாய்.

"இந்தப் பூச்சிகள் தோல்லயும் உண்டான்னு கேக்கறார், பாய்." என்றேன்.

பாய் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அலமாரியைத் திறந்து பைகளை மேஜைமேல் கொட்டினார். ஒவ்வொன்றாகத் திறந்து, உள்பக்கத்தை வெளியே இழுத்து, கவிழ்த்து உதறிக் காட்டினார். தையலைப் பிரித்துக் காட்டினார். கடைசியில் என் பிஸ்கட் டப்பாவிலிருந்து ஒரு ஸ்லைடை எடுத்து, ஓரத்தை விரலால் தடவி, நக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சக்கரையா?"

"ஆமாம் பாய்."

"சொல்லு அவருகிட்ட. பூச்சி தோல்ல இல்ல, படத்துலதான்னு சொல்லு. அவரையும் நக்கிப் பாக்கச் சொல்லு."

வேறு வழியில்லாமல் அப்படியே மொழிபெயர்த்தேன். ஜெர்மன்காரர் அந்த ஸ்லைடையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் தோள் குலுங்கியது. பிறகு கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். சிரிக்கிறாரா, இருமுகிறாரா என்று கடைசிவரை தெரியவில்லை. பைகளை வெகுநேரம் தடவிப் பார்த்துவிட்டு, கடிதம் எழுதுகிறேன் என்று சொல்லிப் போய்விட்டார்.

மழையில் என்னை பஸ் ஏற்றிவிட வந்த பாய், குடையைப் பிடித்துக்கொண்டே நடந்தார். பஸ் வந்தபோதுதான் சொன்னார்:

"அந்த எடத்துல அட்ரஸ எளுதியிருந்தா எறும்பு இவ்ளோ தெரிஞ்சிருக்காதும்மா."

நியாயமான விமரிசனம். மறுநாள் காலை அப்பா, தீபாவளிக் கெடுவுக்குக்கூடக் காத்திராமல், என்னை டைப்ரைட்டிங் வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

மழை விட்ட பிறகு ஜெர்மனியிலிருந்து கடிதம் வந்தது. பெட்டிகளைப் பற்றிப் பேச்சில்லை. கைப்பைக்கு மட்டும் ஆர்டர். பாய் எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை, ஆனால் பண்டிகை வரை பட்டறை ஓடியது. கடிதத்தின் கடைசியில், எறும்புகளை அனுப்ப வேண்டாம், தங்கள் ஊரிலேயே கிடைக்கின்றன என்று எழுதியிருந்தது. அதைப் படித்துச் சொல்ல பாய் என்னையே கூப்பிட்டார்.

அத்தோடு விட்டிருக்கலாம். என் கல்யாணத்துக்கு வந்த பாய், சாப்பாட்டுப் பந்தியில் மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். என்மேல் இருந்த பிரியத்தில், ஸ்லைடு கதையை முதலிலிருந்து கடைசிவரை சொல்லியிருக்கிறார். எறும்பின் அளவைக் கையை விரித்துக் காட்டினாராம். பாயசம் வந்த நேரமாம் அது. புதுப் பெண்ணாகச் செம்பூரில் புகுந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்தவுடன் மாமனார் என்னிடம் பேசிய முதல் வார்த்தை, "சர்க்கரை டப்பா மேல்தட்டுல இருக்கும்மா, சொல்லிட்டு எடுத்துக்கோ" என்பதுதான்.

இப்போது என் மகன் வாஷியில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் ஸ்லைடு செய்வதுதான் அவனுக்கு வேலை. எழுத்தெல்லாம் உள்ளே பறந்து வரும், அம்புக்குறி தானாக நகரும். ஆபீஸ் நண்பர்களை வீட்டுக்குக் கூட்டிவந்தால் என்னைக் காட்டி, "ஸ்லைடுல மொதல்ல ஒண்ண நகர வெச்சது எங்கம்மாதான்" என்பான். அவர்கள் விழிப்பார்கள். உடனே என் கணவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, தான் பக்கத்திலிருந்து பார்த்த மாதிரி, பாய் சொன்னதற்கு மேல் நாலு எறும்பு கூட்டிச் சொல்ல ஆரம்பிப்பார்.

நான் உள்ளே போய்க் காபி கலப்பேன். வந்தவர்களிடம் சர்க்கரை எவ்வளவு என்று கேட்கும் உரிமை இந்த வீட்டில் எனக்குக் கிடையாது. வாயைத் திறந்தாலே சிரிப்பார்கள். தனியாக ஒரு கிண்ணத்தில் வைத்துவிட்டு வந்துவிடுகிறேன். வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளட்டும்.