செடியும் அல்லாத, பிராணியும் அல்லாத ஒன்றைப் பற்றி மாப்பிள்ளைக்கு

மரியாதைக்குரிய மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமியார் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மகள், உங்கள் மகள் மூவருக்கும் உடம்பு நலம். மனசும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. உங்கள் கப்பல் எந்தக் கடலில் மிதந்தாலும் நீங்கள் வேளைக்குச் சாப்பிட்டு, இன்ஜின் சூட்டில் வாடாமல் இருக்க வேண்டும். இனி விஷயம். வீட்டுக்காரர் நம்மைக் காலி செய்யச் சொல்கிறார். பதறாதீர்கள். முழுசும் படித்துவிட்டுப் பதறுங்கள்.

எல்லாம் உங்கள் மகளின் பள்ளிக்கூடப் பாடத்தால் வந்த வினை. கெட்டிக்காரி, அதில் சந்தேகமே இல்லை, எங்கள் பக்கத்து மூளை. உங்கள் பக்கத்தைக் குறை சொல்லவில்லை. உலகத்து உயிர்களையெல்லாம் பெரும் பெரும் பிரிவாகப் பிரித்து வைத்திருக்கிறார்களாம். நாங்கள் படித்தபோது நடந்தால் பிராணி, நின்றால் செடி, அதோடு பரீட்சை முடிந்தது. இப்போது தயிருக்குள் ஒரு பிரிவு இருக்கிறதாம், குட்டைத் தண்ணீரில் இன்னொன்றாம், காளான் தனிக்கூட்டமாம். சுவரில் பெரிய மரம் வரைந்து ஒட்டி, கிளைக்குக் கிளை ஒவ்வொருவரையும் உட்கார வைத்து, என்னைக் குரங்குக்குப் பக்கத்தில் எழுதியிருந்தாள். "ஏண்டி, எனக்கு வேற இடமே கிடைக்கலியா?" என்றேன். "நீ மட்டுமா? அப்பாவும் அங்கதான் பாட்டி" என்றாள். உங்கள் மரியாதையை நினைத்து மேலே பேசாமல் விட்டேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் கண்காட்சி. அதில் காளான் இவள் பொறுப்பு. வைக்கோல் அடைத்த பையைத் துணி துவைக்கும் இடத்தில் கட்டித் தொங்கவிட்டு, தண்ணீர் தெளித்துத் தெளித்து, அதுவும் காது காதாக முளைத்து நிற்கிற நேரத்தில், குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்க வந்த வீட்டுக்காரர் கண்ணில் பட்டுத் தொலைத்தது. அவர் நில அளவை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். எதற்கும் ஓர் எல்லைக்கல் நட்டாக வேண்டும் அவருக்கு.

"செடி வைக்கக் கூடாது, பிராணி வளர்க்கக் கூடாதுன்னு குடி வரும்போதே சொன்னேனா இல்லையா?"

"இது செடி இல்லை மாமா. பாருங்க, பச்சையே கிடையாது. தன் சாப்பாட்டைத் தானே செஞ்சுக்கத் தெரியாது."

"அப்ப பிராணியா?"

"அதுவும் இல்லை." இதோடு வாயை மூடியிருந்தால் ஊர் வம்பு தீர்ந்திருக்கும். "ஆனா சொந்தம்னு பார்த்தா, செடியைவிடப் பிராணிக்குத்தான் கிட்ட" என்று சேர்த்தாள் பாருங்கள், மனுஷன் உலைமூடி மாதிரி குதித்தார். "பிராணிக்குச் சொந்தம்னா பிராணிதான்! ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒண்ணு அது போகணும், இல்லை நீங்க போகணும்!"

நான் சும்மா இருப்பேனா? உட்காரச் சொல்லி ஒரு டம்ளர் மோர் கொடுத்து, அவர் பாதி குடித்த பிறகு, நமக்கும் நாலு விஷயம் தெரியும் என்று காட்ட, "தம்பி, இந்த மோர்லயே கோடி உயிர் இருக்கு, அதை யாராவது பிராணின்னு சொல்றாங்களா?" என்றேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "மோர்லயும் வளர்க்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனவர்தான்.

உங்கள் மனைவி ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்து, "அம்மா, நீ வாயைத் திறக்காம இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்" என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டாள். பையை எறிந்துவிடலாம் என்றால், "மத்ததெல்லாம் வெறும் படம் பாட்டி, இது ஒண்ணுதான் உசிரோட இருக்கு" என்று குழந்தை கண் கலங்குகிறாள். எனக்கோ தலை சுற்றுகிறது. உருளைக்கிழங்கைக் கையில் எடுத்தால் நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கத் தோன்றுகிறது. வௌவால் பறவை இல்லையாம். திமிங்கிலம் மீன் இல்லையாம். நீங்கள் கடலில்தானே இருக்கிறீர்கள், விசாரித்து எழுதவும்.

வீட்டுக்காரர் உங்கள் பேச்சுக்குத்தான் கட்டுப்படுவார். காளான் எதில் சேர்ந்தாலும் சாதுவானது என்று அவருக்கு இரண்டு வரி எழுதுங்கள். உங்கள் மகளுக்கும், இந்தப் பாடத்தை மூட்டை கட்டிவிட்டு ஒழுங்காகக் கணக்குப் படி என்று கண்டித்து எழுதுங்கள்.

காற்றும் அலையும் உங்கள் சொல் கேட்டு நடக்கட்டும். போன உடம்பு இளைக்காமல் வீடு வந்து சேர வாழ்த்தும்,

மாமியார்.

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். உறையை ஒட்டுவதற்குள் கதை மாறிவிட்டது. வம்பே வேண்டாம் என்று சனிக்கிழமை குழந்தை வெளியே போன நேரம் காளான் மொத்தத்தையும் பறித்து, வெங்காயமும் மிளகும் போட்டு வதக்கிவிட்டேன். வாசனை கீழே போய் வீட்டுக்காரரை மேலே இழுத்து வந்தது. மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "இது காய்கறிம்மா! காய்கறியை யாரு வேணாம்னா?" என்று தீர்ப்புச் சொல்லிப் போனார். வீடு தப்பியது. குழந்தை வந்து வெறும் பையைப் பார்த்தாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன், சாப்பிடாமல் போய்ப் படுத்துவிட்டாள். மறுநாள் பசி தாங்காமல் என் ரொட்டி டப்பாவைத் திறந்தவள், "பாட்டி!" என்று கூவினாள். அடியில் கிடந்த துண்டின்மேல் பச்சையும் கறுப்புமாகப் பஞ்சு பூத்திருந்தது. என் சமையலறையில்! எனக்கு மானம் போயிற்று. அவளோ, "இதுவும் காளான் கூட்டம்தான்!" என்று என்னைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தாள். இன்று காலை டப்பாவைக் கண்காட்சிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அட்டையில் வளர்த்தவர் பெயர், வகுப்பு எழுத வேண்டுமாம். பெயர்: பாட்டி. வகுப்பு: ஐந்து. நான் படித்தது அவ்வளவுதானே என்றாள். வளர்த்தவரே அதன் பக்கத்தில் நின்று, வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டுமாம். நல்ல செருப்பைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.